அது இரைச்சல் இல்லை, தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன வாரம் இங்கே ஒரு தம்பி ஊட்டி மலை ரயில் வீடியோ போட்டிருந்தார். என்னிடம் படித்த பையன்தான், இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். குடும்பத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை போயிருக்கிறான். நாலு நிமிட வீடியோ. பாலம், குகை, பள்ளத்தாக்கு, புகை என்று எல்லாவற்றையும் அழகாக எடுத்திருந்தான். ஆனால் முதல் வினாடியிலிருந்து கடைசி வினாடி வரை பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு. இஞ்சின் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

"இஞ்சின் சத்தம் எங்கே தம்பி?" என்று கமெண்ட்டில் கேட்டேன். உடனே பதில் வந்தது: "சார், ஒரே இரைச்சலா இருந்துச்சு. அதான் மியூட் பண்ணிட்டு பாட்டு போட்டேன்." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் "இரைச்சல்" என்ற அந்தச் சொல் ஒரு வாரமாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 32 வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒலி என்ற பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. எது ஒலி, எது இரைச்சல் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். அதே மாணவன் அந்த இஞ்சினின் சத்தத்தை இரைச்சல் என்று சொன்னால், எங்கோ நானும் தப்பு செய்திருக்கிறேன் என்றுதானே அர்த்தம்?

ஒரு தப்பு எனக்கே தெரியும். டாப்ளர் விளைவை நடத்தும்போதெல்லாம் ரயில் விசிலைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ரயில் நெருங்கும்போது சுருதி ஏறும், தாண்டிப் போகும்போது இறங்கும். ஒரு வருடம் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், நம்ம மலை ரயில்ல அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றாள். வகுப்பே சிரித்தது. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 108 கிலோமீட்டரில் ஓடும் எக்ஸ்பிரஸ் நம்மைத் தாண்டும்போது விசிலின் சுருதி ஏறக்குறைய மூன்று சுரத்தானம் இறங்கும். சங்கீதம் தெரிந்தவர்களுக்குச் சொன்னால், சாதாரண காந்தாரத்திலிருந்து ஸட்ஜத்துக்கு விழுகிற அளவு. நம் மலை ரயில் பல்தண்டவாளத்தில் ஏறுவது மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில். அதில் இறக்கம் ஒரு சுரத்தானத்தில் மூன்றில் ஒரு பங்குதான். கூர்ந்து கேட்டால் ஒழிய தெரியாது. அந்தப் பெண் சொன்னதுதான் சரி. நான் புத்தகத்தைப் படித்திருந்தேன், அவள் ரயிலைக் கேட்டிருந்தாள்.

அன்றைக்குப் பிறகுதான் நானும் கேட்கத் தொடங்கினேன்.

அந்த "இரைச்சலுக்குள்" என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை 1899-ல் திறந்தது. உதகமண்டலம் வரை நீண்டது 1908-ல். மொத்தம் 46 கிலோமீட்டர். 2005-லிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். இதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. கல்லாறு ஸ்டேஷனைத் தாண்டியதும் நடப்பது மட்டும் அதில் இல்லை.

கல்லாறு வரை தரை ஓரளவு சமம். அதுவரை இஞ்சின் மற்ற நீராவி இஞ்சின் மாதிரிதான் ஓடும். கொதிகலனிலிருந்து வரும் நீராவி கீழே உள்ள இரண்டு சிலிண்டர்களில் வேலை செய்துவிட்டு நேராகப் புகைபோக்கி வழியாக வெளியேறும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நாலு "குப்". நிதானமான தாளம்.

கல்லாறில் பல்தண்டவாளம் ஆரம்பிக்கிறது. நடுவில் பற்கள் வைத்த இரண்டு இரும்புப் பட்டைகள், இஞ்சினுக்கு அடியில் அவற்றைக் கவ்வும் பல்சக்கரங்கள். சரிவு ஏறக்குறைய பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி. இங்கே டிரைவர் இன்னும் இரண்டு சிலிண்டர்களை வேலைக்கு இழுக்கிறார். முதல் இரண்டில் உழைத்து முடித்த நீராவி, புகைபோக்கிக்குப் போகாமல் இந்த இரண்டுக்குள் போய் மறுபடி உழைக்கிறது. இந்த இரண்டும்தான் பல்சக்கரத்தைச் சுற்றுபவை. பல்லிணை வழியாக இயங்குவதால் இவை முதல் இரண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக அடிக்கும்.

காதுக்கு என்ன கேட்கும் தெரியுமா? வண்டியின் வேகம் குறையும், ஆனால் தாளம் இரட்டிப்பாகும். விளம்ப காலத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அடுத்த காலத்துக்குப் போன மாதிரி. சாதாரண ரயிலில் தாளம் விரைந்தால் வண்டியும் விரைகிறது என்று பொருள். இங்கே தாளம் விரைந்தால், மலை தொடங்கிவிட்டது என்று பொருள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை வடிவமைத்த இந்த எக்ஸ் வகை இஞ்சின்களின் தனிக்குரல் இது.

விசிலும் அப்படித்தான். ஏறும்போது இஞ்சின் முன்னால் இல்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. டிரைவருக்கு முன்னால் உள்ள பாதை தெரியாது. முன்பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். அவர்களுக்கு டிரைவர் சொல்ல வேண்டியதை விசிலால் சொல்கிறார். பயணி காதுக்கு எல்லாமே "கூ". பிரேக்ஸ்மேன் காதுக்கு ஒவ்வொன்றும் ஒரு கட்டளை. நம் தம்பி மியூட் செய்தது இந்த உரையாடலைத்தான்.

சத்தத்தைப் பதிவு செய்வது என்ன பெரிய வேலை, பைத்தியக்காரத்தனம் என்று சிலர் நினைக்கலாம். அந்தப் பைத்தியங்கள் உலகத்தில் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் பீட்டர் ஹேண்ட்ஃபோர்டு என்று ஒருவர். சினிமாவில் ஒலிப்பதிவாளர். 'அவுட் ஆஃப் ஆப்பிரிக்கா' படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய குழுவில் ஒருவர். 1955-ல் அங்கே ரயில்வேயை நவீனமாக்கும் திட்டம் அறிவித்தார்கள். நீராவிக்கு நாள் குறித்தாயிற்று. இவர் கனமான பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி வேளைகளில் தண்டவாளத்தோரம் போய் நின்றார். மேட்டில் மூச்சு வாங்கி ஏறும் சரக்கு ரயில்களை, சின்ன ஸ்டேஷன்களை, இரவில் பெட்டி கோக்கும் சத்தத்தைப் பதிவு செய்தார். 'ட்ரான்ஸகார்டு' என்ற பெயரில் அவற்றை இசைத்தட்டாகவே விற்றார். காசு கொடுத்து வாங்கிக் கேட்டிருக்கிறார்கள் ஜனங்கள்! 1968 ஆகஸ்ட் 11-ல் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிரதானப் பாதைகளில் கடைசி நீராவிப் பயணம் முடிந்தது. சத்தம் மட்டும் தட்டில் இருந்தது.

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க். ராத்திரியில் விளக்குகளை அடுக்கி நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்களைப் படம் எடுத்தவர் என்று புகைப்பட நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் சத்தத்தையும் பதிவு செய்தார். 1957 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, வர்ஜீனியா மாகாணத்தில் ரூரல் ரிட்ரீட் என்ற சின்ன ஊர் ஸ்டேஷன். ரயில் வந்து நின்று கிளம்புகிறது, பின்னணியில் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் இசை ஒலிக்கிறது. எனக்கு அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் அந்த ராத்திரியின் குளிர் எனக்குத் தெரியும்.

இவர்களுக்கும் முன்னால், 1948-ல், பாரிஸில் பியர் ஷேஃபர் என்பவர் பத்தினோல் ஸ்டேஷனில் இஞ்சின் சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி ஒட்டி, அதையே ஓர் இசைப் படைப்பாக ஆக்கினார். இன்றைக்கு மின்னணு இசை என்று நாம் கேட்பதன் ஆரம்பங்களில் அது ஒன்று. தம்பி, நீ இரைச்சல் என்று சொன்னதை இசை என்று சொன்ன ஆள் உன் தாத்தா காலத்திலேயே இருந்திருக்கிறார்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

சித்தரஞ்சனில் கடைசி நீராவி இஞ்சின் கட்டி முடித்தது 1972-ல். அகலப் பாதையில் கடைசி நீராவி ரயில் ஓடியது 1995 டிசம்பரில். அதாவது இன்றைக்கு நாற்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லாரும் அதைக் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. நான் அறுபதுகளின் பையன். எங்கள் வீடு தண்டவாளத்துக்குப் பக்கம். விடியற்காலையில் ஷெட்டில் இஞ்சினைத் தயார் செய்யும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். "வண்டிக்குத் தண்ணி புடிக்கறாங்க, எந்திரிடா" என்று அம்மா எழுப்புவார். இன்றைக்கு என்னிடம் அம்மாவின் போட்டோ இருக்கிறது, அந்த வீட்டின் போட்டோ இருக்கிறது. அந்த விடியற்காலைச் சத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. அம்மா குரலும் இல்லை. டேப் ரிக்கார்டர் வீட்டில் இருந்தது, கேசட்டும் இருந்தது. அதில் பாட்டுத்தான் பதிவு செய்தோம். தம்பி செய்ததைத்தான் நாங்களும் செய்திருக்கிறோம்.

"அதுதான் மலை ரயில் இன்னும் ஓடுகிறதே, எழும்பூரில் 1855-ல் கட்டிய இஞ்சினைச் சுதந்திர தினத்துக்கு ஓட்டியிருக்கிறார்களே, எப்போது வேண்டுமானாலும் போய்க் கேட்கலாமே" என்று கேட்பீர்கள். பாதி உண்மை. இஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறோம். சத்தத்தையும் காப்பாற்றிவிட்டோம் என்று நினைப்பதுதான் தப்பு.

மலை இஞ்சின்கள் முதலில் கரியில் ஓடின. பிறகு எண்ணெய் எரிக்கும் இஞ்சின்கள் வந்தன. திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டினார்கள். நம் ஊர்த் தொழிலாளர்கள், நூறு வருடப் பழைய வரைபடத்தின் வழியில், புது நீராவி இஞ்சின் கட்டினார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. நான் அதில் பெருமைப்படுகிறவன்தான். ஆனால் எண்ணெய் இஞ்சினில் கரி அள்ளும் ஷவலின் சத்தம் இல்லை. தீப்பெட்டிக் கதவு திறந்து மூடும் "டணார்" குறைந்தது. அதற்குப் பதில் பர்னரின் ஒரே சீரான உறுமல் வந்தது. குன்னூருக்கு மேலே டீசல் இழுக்கிறது. அங்கே குரலே வேறு.

நாளைக்கு ஒரு வால்வை மாற்றுவார்கள், விசிலை மாற்றுவார்கள், பிரேக்கை மாற்றுவார்கள். பாதுகாப்புக்காக மாற்றத்தான் வேண்டும், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சத்தம் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகிறது. இஞ்சின் அப்படியேதான் இருக்கிறது, பெயிண்ட்கூட பளபளக்கிறது. அதனால் எதுவும் போனதாக நமக்குத் தெரிவதில்லை.

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத உண்மையான காரணம்.

ரிட்டையர் ஆன பிறகு ஒரு நல்ல பதிவுக் கருவி வாங்கினேன். 2018-ல் ஒரு நாள் இஞ்சினை ஒட்டிய கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து கல்லாறு முதல் ஹில்குரோவ் வரை பதிவு செய்தேன். அன்று வந்தது எண்ணெய் இஞ்சின். வீட்டுக்கு வந்து கேட்டால் எனக்கே பெருமை தாங்கவில்லை. யாரிடமாவது காட்ட வேண்டுமே! எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் ஐயா இருந்தார். மலை இஞ்சினில் ஃபயர்மேனாக வேலை பார்த்தவர். அப்போது அவருக்கு 84 வயது. லேப்டாப்பையும் ஒரு ஸ்பீக்கர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மருமகள் காதோடு வாய் வைத்துக் கத்திச் சொன்னார்: "வாத்தியார் ரயில் சத்தம் புடிச்சிட்டு வந்திருக்காருங்க மாமா!" அவர் சிரித்தார். "எனக்கெங்கெ கேக்கப் போகுது" என்று கையை ஆட்டினார். எனக்கு எழுந்து வந்துவிடலாம் போலிருந்தது. அவரே ஸ்பீக்கரைக் காட்டி, "போடுங்க" என்றார். போட்டேன். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல் வைத்துக்கொண்டார்.

ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பதிவில் கல்லாறு தாண்டியது. தாளம் மாறியது. அந்த விநாடியில் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பல்லு புடிச்சிருச்சு" என்றார்.

நான் அசந்துபோனேன். புத்தகம் படித்து, கணக்குப் போட்டு, பத்து முறை கேட்டு நான் கண்டுபிடித்ததை, காது கேட்காத மனிதர் உள்ளங்கையால் சொல்லிவிட்டார்.

பிறகு கேட்டார்: "ஷவல் சத்தம் வருதா?" நான் தலையாட்டி, எண்ணெய் இஞ்சின் என்று சீட்டில் எழுதிக் காட்டினேன். "அப்ப இதுல ஃபயர்மேன் இல்லீங்க" என்றார். ஃபயர்மேன் இல்லாமல் இல்லை, இப்போதும் இருக்கிறார்கள். ஆனால் அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அந்தச் சத்தத்தில் அவர் இல்லை.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "எங்காதைத் தின்ன சத்தமுங்க இது. நீங்க பொட்டியில வெச்சுக் கும்புடறீங்க."

நண்பர்களே, கொதிகலன் செய்கிறவர்களுக்குக் காது போவது பற்றி 19-ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொழிலின் பெயரையே அந்தச் செவிட்டுக்கு வைத்திருந்தார்கள். இதை நான் படித்திருக்கிறேன், வகுப்பில் டெசிபல் நடத்தும்போது சொல்லியும் இருக்கிறேன். ஆனால் கருவியைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனபோது அது நினைவுக்கு வரவில்லை. நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம். அவருக்கு அது முப்பது வருடச் சம்பளம், அந்தச் சம்பளத்துக்குக் கொடுத்த விலை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு எது தெரியுமா? அன்றைக்கு என் பையில் பதிவுக் கருவி இருந்தது. பேட்டரியும் இருந்தது. இஞ்சினைப் பதிவு செய்தவன், இஞ்சினை ஓட்டியவரைப் பதிவு செய்யவில்லை. விசில் குறிகள் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம், கரி ஈரமாக இருந்தால் சத்தம் எப்படி மாறும், குகைக்குள் புகும்போது எப்படி மூச்சு விடுவார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். அடுத்த முறை வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் மழைக்காலத்தில் அவர் தவறிவிட்டார். இன்றைக்கு என்னிடம் 40 நிமிட இஞ்சின் சத்தம் இருக்கிறது. அதற்கு அர்த்தம் சொல்லும் குரல் இல்லை. பாஷை தெரியாத ஊரில் கேட்ட பேச்சு மாதிரி.

அதனால் என் கருத்து இது. நீராவி ரயிலின் சத்தத்தைப் பதிவு செய்வது பொழுதுபோக்கு இல்லை, ஆவணம். அதை ஆவணமாகச் செய்ய வேண்டும். ஆவணத்தில் இஞ்சின் மட்டும் இருந்தால் அது பாதி ஆவணம். அதில் உழைத்த மனிதனும் இருக்க வேண்டும்.

"யூடியூபில் ஆயிரம் வீடியோ இருக்கிறதே சார்?" இருக்கிறது. எந்த இஞ்சின், எந்தத் தேதி, எந்த இடம் என்று எத்தனையில் எழுதியிருக்கிறது? எத்தனையில் பாட்டு இல்லை? எத்தனையில் "ஏய், இங்க பாரு, கை காட்டு" என்ற கூச்சல் இல்லை? பெயர், தேதி, இடம் இல்லாத பதிவு, பெயர் எழுதாத விடைத்தாள் மாதிரி. எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் மார்க் போட வழியில்லை.

"இது ரயில்வேயும் அருங்காட்சியகமும் செய்ய வேண்டிய வேலை" என்பார்கள். உண்மைதான். வருடத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு இஞ்சினையும் எண் போட்டு, கிளம்புவதிலிருந்து குன்னூர் சேர்வது வரை முறையாகப் பதிவு செய்து பொதுமக்கள் கேட்கும்படி வைத்தால் பெரிய செலவு ஆகாது. கேட்போம். ஆனால் ஹேண்ட்ஃபோர்டும் லிங்க்கும் உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்தத் தட்டுகள் இல்லை.

"கரும்புகையைக் கொண்டாடுகிறீர்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. இல்லை. கரியும் புகையும் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டாம் என்று விட்டுவிட்ட ஒன்றின் நினைவை வைத்துக்கொள்வது, அதைத் திரும்பக் கூப்பிடுவது ஆகாது. அம்மியைப் பரணில் வைத்திருப்பவர் மிக்சியை விரோதி என்றா சொல்கிறார்?

உங்கள் போனிலேயே இதைச் செய்யலாம். வாத்தியார் என்பதால் பாடம் எடுக்காமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

1. ஏறும்போது இஞ்சின் மேட்டுப்பாளையம் பக்கத்தில், அதாவது பின்னால் இருக்கும். அதனால் கடைசிப் பெட்டியில் இடம் கிடைத்தால் நல்லது. முதல் பெட்டியில் உட்கார்ந்தால் காடும் பிரேக்ஸ்மேனும்தான் கேட்பார்கள். அதுவும் நல்ல பதிவுதான், வேறு பதிவு.

2. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ரிக்கார்டர் செயலியில் "இரைச்சல் குறைப்பு" என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். அது மனிதப் பேச்சுக்காகச் செய்தது. நீராவியின் "உஸ்" சத்தத்தைக் குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடும். நம் தம்பியும் போனும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

3. சத்தத்தின் அளவைப் போன் தானாகக் கூட்டிக் குறைக்கும். அதனால் தூரத்து விசிலும் பக்கத்து விசிலும் ஒரே மாதிரி பதிவாகும். அளவை நாமே வைக்க வழி இருந்தால், விசிலுக்கு ஏற்ற மாதிரி குறைத்து வையுங்கள். மெதுவான சத்தத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். வெடித்துக் கிழிந்த சத்தத்தைச் சரிசெய்யவே முடியாது.

4. காற்றுதான் எதிரி. மைக் இருக்கும் முனையை மெல்லிய துணியால் மூடி, காற்று நேரே அடிக்காத பக்கம் வையுங்கள்.

5. முடிந்ததும் உங்கள் குரலிலேயே இஞ்சின் எண், தேதி, நேரம், இடம், மழையா வெயிலா, எத்தனை பெட்டி என்று சொல்லுங்கள். இந்த அரை நிமிடம்தான் மற்ற நாற்பது நிமிடத்துக்கும் உயிர்.

6. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது பிழிந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.

7. தண்டவாளத்தில் இறங்காதீர்கள், பெட்டிக்கு வெளியே கையை நீட்டாதீர்கள். கல்லாறு பக்கம் யானைக் காடு. எந்தச் சத்தமும் உயிரைவிடப் பெரியது இல்லை.

8. ஊரில் பழைய டிரைவர், ஃபயர்மேன், பிரேக்ஸ்மேன், பொன்மலையிலோ பெரம்பூரிலோ வேலை பார்த்தவர் யாராவது இருந்தால், உங்கள் பதிவை அவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் பேசுவதை இன்னொரு போனில் பதிவு செய்யுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மற்ற ஏழையும் அடுத்த மாதம் செய்யலாம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சுற்றுலா போகும்போது பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு விசில், ஒரு குழுவுக்குத் தாளம், ஒரு குழுவுக்குப் பிரேக், ஒரு குழுவுக்கு மனிதக் குரல் என்று கொடுத்துப் பாருங்கள். ஒலி பாடத்தை அதன் பிறகு நடத்த வேண்டியதே இல்லை, அவர்களே நடத்துவார்கள். ரயில்வே குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், தாத்தாவிடம் பேசி வரச் சொல்லுங்கள்.

வீடியோ போட்ட தம்பிக்குக் கடைசியாக ஒன்று. போனில் அசல் வீடியோ இன்னும் இருக்கிறதா? அழித்துவிடாதே. பாட்டு இல்லாத அந்த அசலை எனக்கு டாக்குமெண்ட்டாக அனுப்பு. தேதியும் இஞ்சின் எண்ணும் ஞாபகம் இருந்தால் எழுது. இஞ்சின் எண் புகைப்படத்தில் எங்காவது தெரியும், பார். உன் வீடியோவில் கல்லாறு தாண்டும் இடம் ஒன்று வருகிறது. அந்த இடத்தில் ஹெட்ஃபோன் வேண்டாம். போனைக் கையில் பிடித்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்துக்கொள்.

பல்லு பிடிப்பது தெரிகிறதா என்று சொல்.